தையல் வெளியே தெரிந்த உறை

கார் மலை ஏறாது என்று கணவன் சொல்லத் தொடங்கி ஆறு வருஷமாகிவிட்டது. முதல் வருஷம் ரேடியேட்டர், அப்புறம் கிளட்ச், அதற்கும் அப்புறம் பிளக். எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும், இப்போது காற்று.

"எஞ்சினுக்குள்ள போற காத்து சில்லுனு இருக்கணும். அந்தக் காத்துக் குழாய் எஞ்சின் மேலயே படுத்துக் கிடக்கு. சூட்டுக் காத்தைக் குடிச்சுட்டு வண்டி எங்க ஏறும்? பாதி மலையிலயே மூச்சு வாங்கும்."

"உங்க வண்டிக்கு வந்த நோயெல்லாம் ஒரு மனுஷனுக்கு வந்திருந்தா எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பான்," என்றாள் அவள்.

மலை மேலிருக்கும் அப்பா வீட்டுக்கு நான்கு மணி நேரப் பயணம்தான். கணவனுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கல்யாணத்தன்று அப்பா, "ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறவன், குடும்பத்தை ஓட்டுவானா?" என்று மாப்பிள்ளையின் காதில் விழும்படியே கேட்டுவிட்டார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

"போனா நம்ம வண்டியில ரெண்டு பேரும் சேர்ந்து போய் இறங்குவோம். நீ தனியா பஸ்ல போய் நின்னா, புருஷன் கைவிட்டுட்டான்னுதான் நினைப்பார்," என்பான் கணவன். அவள் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டாள். அவன் சொல்லும் விதம் அப்படி.

ஆனால் அப்பாவுக்கு இப்போது நினைவு தப்பிக்கொண்டிருந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் அக்கா ஃபோனில் அழுதாள். "என்னையே நர்ஸுன்னு நினைக்கிறார்டி. உன்னைத்தான் இன்னும் கேக்கறார். அதுவும் எத்தனை நாளைக்கோ. எப்படியாவது வந்துடு."

அவளுக்கு வேலை சீட் கவர் தைக்கும் கடையில். மறுநாளே டேப்போடு வந்து, பானெட்டைத் திறந்து, காற்றுக் குழாயைச் சுற்றளவு, நீளம், வளைவு என்று அளந்தாள். கடையில் மிஞ்சிய சூடு தாங்கும் துணியை எடுத்து, பளபளக்கும் வெள்ளி முகம் வெளியே, தடித்த கம்பளம் உள்ளே என்று இரண்டடுக்காக உறை தைத்தாள். தையல் சூட்டில் பொசுங்கிவிடக் கூடாதென்று அதை உள்பக்கம் மடித்தாள். ஞாயிறு காலை கிளம்ப வேண்டும். சனிக்கிழமை மாலை தன் கையாலேயே மாட்டினாள். குழாயின் வாய், காரின் முகப்புக் கம்பிகளுக்குப் பின்னால், எதிர்க்காற்றைப் பார்த்து இருந்தது.

கணவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அடேயப்பா, எஞ்சினுக்கே ரவிக்கை தைச்சுட்டியே!"

"அளவு கச்சிதமா இருக்கு, பாருங்க. இனிமே வண்டிக்கும் சாக்கு கிடையாது, உங்களுக்கும் கிடையாது."

இதற்கு அவன் சிரிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

ஞாயிறன்று சமவெளி முழுக்க வண்டி சாதுவாக ஓடியது. ஏற்றம் தொடங்கி மூன்றாவது வளைவில் திணற ஆரம்பித்தது. ஐந்தாவது வளைவில், மிதித்தாலும் நகர மாட்டேன் என்றது. அவன் ஓரங்கட்டினான்.

"நான்தான் சொன்னேனே. பாவம், நீயும் எவ்வளவோ பாடுபட்டே. திரும்பிடலாம்மா."

குரலில் அத்தனை கனிவு. ஆனால் கை அதற்குள் ஸ்டியரிங்கை ஒடிக்க ஆரம்பித்திருந்தது. அவள் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினாள்.

முதலில் கண்ணில் பட்டது தையல்தான். அவள் உள்ளே மறைத்த இரட்டைத் தையல் வெளியே தெரிந்தது. கம்பளம் வெளியே, வெள்ளி முகம் உள்ளே. தையல்காரி ஒருத்தி தான் தைத்ததை அப்படி மாட்டவே மாட்டாள். யாரோ கழற்றியிருக்கிறார்கள், அவசரத்தில் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். குழாயின் வாயும் முகப்பில் இல்லை. பின்னால் வளைத்து, புகைக் குழாயின் சூட்டுக்கு நேராகக் கம்பியால் கட்டியிருந்தது.

"காலையில சும்மா செக் பண்ணேன்..." என்றான் பின்னாலேயே வந்தவன். அவள் கம்பி முடிச்சைத் தொட்டுக் காட்டியதும் நிறுத்திக்கொண்டான்.

"மத்ததெல்லாமும் இப்படித்தானா? ரேடியேட்டர், கிளட்ச்?"

அவன் சாலையைப் பார்த்தான். "என்னால அந்த வாசப்படி ஏற முடியாது. அவர் முன்னாடி போய் நின்னா மறுபடியும் அந்தக் கல்யாண மண்டபத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும்."

"அதைச் சொல்லியிருந்தா நான் பஸ்ல போயிருப்பேனே. ஆறு வருஷம்ங்க."

"நான் கெட்டவன் இல்ல."

"அதுதான் கஷ்டமா இருக்கு."

மேலே போன பால் வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். அவன் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

அப்பா ஜன்னலோரம் சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் மரியாதையாகத் தலையசைத்தார்.

"வாங்க, உக்காருங்க. நீங்க யார் வீட்டுப் பொண்ணு?"

அவளை வரவேற்க 'வாடி' என்பதைத் தவிர வேறெதுவும் அந்த வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

"உங்க பொண்ணுப்பா. சின்னவ."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்," என்றார், அடுத்த வீட்டுச் சங்கதி கேட்டதுபோல.

அக்கா கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போன வாரம் வரைக்கும்டி..."

ஒரு மணி நேரம் கழித்து வாசலில் கார் வந்து நின்றது. திணறலே இல்லை, நன்றாகத்தான் ஏறியிருக்கிறது. கை நிறையக் கரியோடு கணவன் படிக்குக் கீழே தயங்கினான்.

அப்பா சட்டென்று எழுந்தார். அவர் தானாக எழுந்து பத்து நாளாயிற்று என்றாள் அக்கா.

"வாங்க மாப்பிள்ளை! என்ன, வாசல்லயே நின்னுட்டீங்க? இதென்ன பழக்கம்?" இறங்கிப் போய் அந்தக் கரிக் கையையே பிடித்துக்கொண்டார். கோபமோ, பழைய பேச்சோ அந்த முகத்தில் துளியும் இல்லை. அவனுக்குப் பின்னால் காருக்குள் தேடினார். "என் பொண்ணு எங்க? கூட்டிட்டு வந்திருக்கலாமே. எவ்வளவு நாளாச்சு அவளைப் பார்த்து!"

கணவன் கண்கள் அவளைத் தேடி வந்தன. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த தடவை கூட்டிட்டு வரேன், மாமா," என்றான்.

"கட்டாயம் கூட்டிட்டு வாங்க," என்று அப்பா அவனை உள்ளே அழைத்துவந்தார். வழியில் இருந்தது அவளுடைய நாற்காலி. "கொஞ்சம் வழி விடுங்கம்மா. எங்க வீட்டு மாப்பிள்ளை வந்திருக்கார்."

அவள் எழுந்து நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டாள்.