ராசமலரின் குவியல்

கத்தி முள்ளைத் தொட்டதும் கை தயங்கக் கூடாது. தொட்ட வேகத்திலேயே வால்வரை இழுத்துவிட வேண்டும். தயங்கினால் சதை கிழியும், கருவாடு கோணும். விடிந்தபின் போட்ட முதல் கரைவலை ஏறிய கையோடு, சல்லி ஊர்க் கடற்கரையில் ஞானமணி முதலாளியின் கருவாட்டு வாடியில் பெண்கள் குந்தியிருந்து கட்டா மீன்களைப் பிளந்துகொண்டிருந்தார்கள். விரல் வெடிப்புகளுக்குள் உப்பு இறங்கி எரிந்தது. குடலுக்காகக் காகங்கள் காலடிவரை வந்து கத்தின.

சண்டை மூண்ட பிறகு இரவில் கடலுக்குப் போகக் கடற்படை விடுவதில்லை. பாதை பூட்டிக் கிடப்பதால் ஐஸும் வருவதில்லை. வெயில் ஏறுமுன் மீனைப் பிளந்து உப்பில் போடாவிட்டால் நாறிவிடும். இதையே சாட்டாக வைத்து முதலாளி ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருத்தியும் தான் வெட்டியதைத் தன் பக்கத்திலேயே குவிக்க வேண்டும். உப்புத் தொட்டியின் விளிம்பில் வெயில் விழும்போது அவர் வந்து பார்ப்பார். குவியல் சிறுத்தவளுக்கு வேலையும் இல்லை, வாடிக்குப் பின்னால் இருக்கும் ஓலைக் குடிலும் இல்லை.

அன்று யாருடைய குவியல் சிறுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சம்பூரில் ஷெல் விழுந்தபோது கைக்குழந்தையோடு ஓடிவந்தவள் ராசமலர். கெளிற்று மீனின் முள் ஏறி அவளுடைய வலக்கை மணிக்கட்டுவரை வீங்கிக் கிடந்தது. நாளாந்தம் மருந்து கட்டாவிட்டால் கையே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். குடிலை விட்டால் அவளுக்கு அகதி முகாம்தான் கதி. முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாளாந்தம் போய்வர, இடையிலிருந்த இராணுவக் காவலரண்களில் விடமாட்டார்கள். அவள் இடக்கையால் கத்தியைப் பிடித்து, மீனைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டினாள். மற்றவர்கள் ஐந்து மீன் பிளக்கும் நேரத்தில் அவளுக்கு ஒன்றுதான் பிளந்தது.

அந்த வாடியில் ஒரு வழக்கம் இருந்தது. வலை இழுபடும் நேரத்தில், மாதா கோயில் பெண்கள் தொட்டிக்குப் பின்னால் கூடுவார்கள். புஸ்பராணி அன்றைய நற்செய்தியைத் தணிந்த குரலில் வாசிப்பாள். முதலாளிக்குக் கேட்டால் வேலை நேரத்தில் செபமா என்று ஏசுவார். வாசித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் மௌனம். தன்னைத் தொட்ட சொல் ஒன்றை ஒவ்வொருத்தியும் மனதில் முடிந்துகொண்டு எழும்புவாள். அந்தச் சொல்லை வைத்து என்ன செய்தாள் என்பதை மாலையில்தான் மற்றவர்களுக்குச் சொல்வாள். சைவக்காரியான ராசமலரும் கிண்ணியாவிலிருந்து வந்து குடிலொன்றில் தங்கியிருக்கும் ஆமினா உம்மாவும் கொஞ்சம் தள்ளியிருந்து கேட்பார்கள்.

அன்றைக்கு வந்த பகுதி, உதவி செய்கிறவன் தம்பட்டம் அடிக்கக் கூடாது, வலக்கை கொடுப்பது இடக்கைக்கும் தெரியக் கூடாது என்று ஆண்டவர் சொன்ன இடம். வாசித்து முடிந்ததும் பெண்கள் எழும்பிப்போய்க் கத்தியை எடுத்தார்கள்.

தண்ணீர் எடுக்கப் போன புஸ்பராணி, திரும்பும் வழியில் தன் வாளிக்குள்ளிருந்த மீன்களை ராசமலரின் குவியலில் சரித்துவிட்டு வந்தாள். உப்பு அள்ளப் போன அன்னப்பிள்ளை சீலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு போனவற்றை அங்கே போட்டாள். காகம் விரட்டுகிற சாட்டில் எழும்பினவர்களும் அதையே செய்தார்கள். ஒருத்தி செய்தது மற்றவளுக்குத் தெரியாது. ராசமலர் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

தொட்டி விளிம்பில் வெயில் விழுந்தது. முதலாளி வந்தார். திருநாளில் மாதா சொரூபத்துக்குக் குடை பிடிக்கிற மனுசன். கழுத்தில் சிலுவை மின்னியது. நேரே ராசமலரிடம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வாடியிலேயே உயர்ந்த குவியல் அவளுடையதாக இருந்தது.

அப்போதுதான் அவளும் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

முதலாளி மெல்லச் சிரித்தார்.

"ஒத்தைக் கையால இவ்வளவோ? அப்ப ரெண்டு கையும் உள்ள நீங்களெல்லாம் இவ்வளவு நாளும் படுத்துக் கிடந்தனீங்களோ? நல்லது. நாளையிலிருந்து எல்லாருக்கும் இதுதான் அளவு. குறைஞ்சவள் குடிலைக் காலி செய்யலாம்."

ஒருத்திக்காகச் செய்த இரக்கம் எல்லாருடைய கழுத்திலும் சுருக்காக விழுந்தது. அன்னப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. கத்தியை மணலில் குத்திவிட்டு எழும்பினாள்.

"அது அவள் வெட்டினதில்லை முதலாளி. நான் போட்டனான்."

"நீயோ?" என்றாள் புஸ்பராணி திகைப்போடு. "நானெல்லோ போட்டனான்."

"நானும்தான் புள்ள," என்றாள் ஆமினா உம்மா. "எங்கட மார்க்கத்திலயும் அப்பிடித்தான் சொல்லிக் கிடக்கு. ஆருக்கும் தெரியாமக் குடுக்கோணும் எண்டு."

பின்வரிசையிலிருந்தும் குரல்கள் வந்தன. பெண்கள் ஒருத்தி முகத்தை மற்றவள் பார்த்தார்கள். அந்த இக்கட்டிலும் அன்னப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொஞ்சம் கதைச்சுப்போட்டுச் செய்திருந்தா, மலைபோல ஏறாம அளவாப் போட்டிருக்கலாமே!"

முதலாளி சிரிக்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் நடக்கிற வாசிப்பு தனக்குத் தெரியாதென்று நினைத்தார்களா என்று கேட்டார். வேதத்தை வைத்துக்கொண்டு களவு பழகுகிறார்கள் என்றார். ராசமலர் பொழுது சாய்வதற்குள் குடிலை விட வேண்டும், இல்லாவிட்டால் காவலரணில் சொல்லி இழுத்தெறிய வைப்பேன் என்றார்.

ராசமலர் எழும்பினாள். "என்னாலதானே எல்லாருக்கும் கரைச்சல். நான் போறன் அக்கா."

"இரு," என்றாள் புஸ்பராணி.

கோயிலில் முதலாளிக்குப் பின்வரிசை வாங்கில் அடங்கி இருந்து பழகியவள் அவள். ஆனாலும் தன் குவியலை இரண்டு கையாலும் வாரியெடுத்து, எல்லாரும் பார்க்க, ராசமலருடைய குவியலில் கொண்டுபோய்ப் போட்டாள். இந்த முறை ஒளிக்கவில்லை. அன்னப்பிள்ளை தன்னுடையதை வாரினாள். ஆமினா உம்மா பாயோடு இழுத்து வந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் வந்தார்கள். வாடியின் நடுவில் ஒரே குவியல் எழும்பியது.

"களவில்லை முதலாளி," என்றாள் புஸ்பராணி. "நாங்கள் வெட்டினது. ஆருக்குக் குடுக்கிறதெண்டது எங்கட விருப்பம். இனி இஞ்ச ஒரு குவியல்தான். அளக்கிறதெண்டா இதை அளவுங்கோ."

"தனித்தனியாப் பிரியுங்கோ. இல்லாட்டி ஒருத்தியும் நாளைக்கு இந்தப் பக்கம் வரப்படாது."

"நாளைக்கு இருக்கட்டும். இண்டைக்கு அந்த மீனை ஆர் வெட்டுறது?"

கரையில் இரண்டாவது வலை ஏறிக்கொண்டிருந்தது. வலையின் மடி நிறையப் பாரை மீன் துள்ளியது. பெண்கள் கத்திகளை மடியில் வைத்துக்கொண்டு ராசமலரைச் சுற்றிக் குந்தினார்கள். முதலாளி வலையைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். சல்லியில் வேறு ஆட்கள் இல்லையென்று நினைக்க வேண்டாம் என்று உறுமினார். ஒருத்தியும் அசையவில்லை. காகங்கள் வலையை நோக்கி இறங்கத் தொடங்கின.

"இண்டைக்கு வெட்டித் துலையுங்கோ," என்றார் கடைசியில். "அவளின்ர கதையை நாளைக்கு வந்து பேசுறன்."

மோட்டார் சைக்கிள் மணலை வாரியடித்துக்கொண்டு போனது. அவர் காவலரணுக்குப் போகிறாரா, வேறு ஆள் தேடிப் போகிறாரா என்று யாருக்கும் தெரியாது. குடில் இன்றைக்கு மட்டும் தப்பியிருந்தது.

பாரைகள் வந்து சேர்ந்தன. ஆமினா உம்மா ஒரு மீனின் தலையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, ராசமலர் இடக்கையால் கத்தியை இறக்கினாள். இரண்டு பேர் கையில் மீன் வழுக்கவில்லை. முள்ளைத் தொட்ட கத்தி தயங்காமல் வால்வரை ஓடியது. பிளந்த மீன் நடுக்குவியலில் போய் விழுந்தது.

"நாளைக்கு என்ன வாசகம் புள்ள?" என்று கேட்டாள் ஆமினா உம்மா.

"பாக்கேல்லை உம்மா."

"எதெண்டாலும் தொட்டிக்குப் பின்னால வேணாம்," என்றாள் ராசமலர், மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே. "இஞ்ச, நடுவில இருந்து சத்தமா வாசியுங்கோ அக்கா. அந்தாள் வந்தாலும் கேக்கட்டும்."

புஸ்பராணி ஓம் என்று தலையாட்டினாள். அடுத்த மீனை எடுத்தாள்.