நகராத சத்தம்

புல்வெட்டும் மெஷின் நின்றபோது செல்வநாயகி கடைசி ஈடு கத்தரிக்காயை எண்ணெயிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தாள். "அப்பாடா, ஒருமாதிரி முடிஞ்சுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தேத்தண்ணீரை ஊற்றி எடுத்துப் பின்கதவைத் திறந்தாள்.

கணவர் இரத்தினசிங்கம் புல்லில் குப்புறக் கிடந்தார்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. களை தேடுகிறாராக்கும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நாட்டைவிட்டு இந்த ஹில்ஸ்பரோவுக்கு வந்த புதிதில், முழங்கால் உயரம் வளர்ந்திருந்த புல்லைப் பக்கத்து வீட்டு டேவிஸ் கிழவர் தன் மெஷினைக் கொண்டுவந்து வெட்டிவிட்டுப் போனார். கிழவர் நல்ல மனதோடுதான் செய்தார். இவருக்கோ மானமே போய்விட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சனிக்கிழமை விடிந்தால் மெஷின், ஓரங்களுக்குக் கத்தரிக்கோல். ஒரு களை தலைநீட்டினால் முழங்காலில் நின்று கிண்டி எடுப்பார். ஆடுமாடு தின்னாத புல்லை வளர்ப்பானேன், வளர்த்துவிட்டு வெட்டுவானேன் என்று கேட்டுக்கேட்டு அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

அசைவில்லை. தோளைப் பிடித்துப் புரட்டினாள். கன்னம் முழுக்க வெட்டின புல். கை சில்லிட்டிருந்தது. கோப்பை எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. "பிள்ளை" என்று கத்தியது மட்டும் தெரியும்.

பதினாறு வயது மகள் ரதிதேவி ஓடிவந்தாள். டேவிஸ் கிழவரும் வந்தார். அம்புலன்ஸ்காரர் இரண்டுபேர் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். சற்று முன்புவரை மெஷின் ஓடியது, மனுசன் கடைசிவரைக்கும் வேலைசெய்துகொண்டு இருந்தார் என்று கிழவர் கண்கலங்கச் சொன்னார்.

செல்வநாயகி மெஷினைப் பார்த்தாள். அதை யாரும் நிறுத்தவில்லை. பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றிருக்கிறது. புகை வருகிற பக்கத்தில் புல் ஒரு தட்டளவுக்குக் கருகிக் கிடந்தது.

சத்தம் நகரவில்லையே. அவள் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். வெங்காயம் வெட்டும்போதே அது ஒரே இடத்தில் நின்றுவிட்டது. ஒரு மூலை மட்டமாக வருமட்டும் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு நிற்கிறவர்தானே, இன்றைக்கும் ஏதோ மூலையைப் பிடித்துவிட்டார் என்று சிரித்துக்கூடச் சிரித்தாள். அதற்குப் பிறகு பருப்பு வெந்தது. கத்தரிக்காய் மூன்று ஈடு பொரிந்தது. அவ்வளவு நேரமும் இவர் இங்கே கிடந்திருக்கிறார். ஐயோ, ஜன்னலால் ஒருக்கால் எட்டிப் பார்த்திருந்தால் போதுமே.

அம்புலன்ஸ்காரரில் ஒருவன் ரதியிடம் ஏதோ கேட்டான்.

"அம்மா, அப்பா எப்ப விழுந்தவர் எண்டு கேக்கிறார்."

"மெஷின் நிக்கிறதுக்குக் கனக்க முந்தியே பிள்ளை. அரை மணித்தியாலம் இருக்கும். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில நிண்டனான். அப்பிடியே சொல்லு."

ரதி தாயைப் பார்த்தாள். கருகின புல்லைப் பார்த்தாள். அந்தச் சத்தம் கேட்ட வீட்டுக்குள்தான் அவளும் இருந்தாள்.

"ஜஸ்ட் நவ்" என்றாள். "ஷீ செய்ஸ், ஜஸ்ட் நவ்."

அவன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டான். அந்த அளவு இங்கிலீஷ் செல்வநாயகிக்கும் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். ரதி அவளுடைய கையை இறுகப் பிடித்திருந்தாள்.