தலை நீட்டாத போன்

கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்த போன்களை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த நீல ஏப்ரனை எடுத்து உதறி, கழுத்தில் மாட்டி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புருஷன் மட்டும் கண்ணாடிக் கதவு வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான், அந்தப் பொம்பளை யாரென்றே தெரியாத மாதிரி.

“இந்தப் பைக்குள்ள போகணும். முழுசா. தலை நீட்டக் கூடாது,” என்று ஏப்ரனின் நெஞ்சுப் பக்கத்தில் தைத்திருந்த சின்னப் பையைத் தட்டிக் காட்டினாள்.

“அக்கா, இப்ப வர்றதெல்லாம் பெருசுதான். ரெண்டு கையாலயும் பிடிச்சு ஜம்முனு படம் பாக்கலாம்.”

“எனக்கேது தம்பி ரெண்டு கை? அது ரெண்டும் வேலையில இருக்கு.”

ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் லாண்டரியில் அவளுக்கு வேலை. ஈர விரிப்பை மெஷினிலிருந்து இழுத்துப் போடும்போது தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். நனைந்த துணிக்கு மனிதப் பிணத்தின் கனம். காய்ந்து, இஸ்திரி உருளையில் சூடாக வெளியே வந்ததும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று நாலு முனையையும் பிடித்து மடிக்க வேண்டும். இதில் கை எப்போது ஓயும்? முன்பு ஒருத்தியின் போன் இடுப்பிலிருந்து நழுவி, விரிப்போடு விரிப்பாக மெஷினுக்குள் போய், கொதிநீரில் வெந்து, மெஷினையும் சேர்த்துப் படுக்க வைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு சட்டம். வேலை நேரத்தில் போன் கையில் இருக்கக் கூடாது. ஏப்ரன் பைக்குள் முழுசாக அடங்கினால் வைத்துக்கொள்ளலாம், மேலே தலை நீட்டினால் லாக்கர். அந்தப் பையோ பேனா வைப்பதற்கென்று தைத்தது. சட்டம் போட்டவர்களுக்கு அது தெரியும்.

அவளிடம் போன் இல்லாமலில்லை. மகன் கழித்துக் கொடுத்த ஒன்று, முறம் மாதிரி, அடுப்படி அலமாரியில் கிடந்தது. சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அந்த நிமிடமே உயிரை விட்டுவிடும். அதனால் பகலில் அவளைத் தேடுகிறவர்கள் புருஷனைத்தான் கூப்பிட்டார்கள். அவன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். எடுப்பான், கேட்பான், மறப்பான்.

“உன் தங்கச்சி பேசினா.”

“எப்ப?”

“முந்தாநாளு.”

“என்ன சொன்னா?”

“நல்லாத்தான் இருக்கா.”

அந்த ‘நல்லாத்தான்’ என்பதற்குள் தங்கைக்கு வேலை போனது, அவள் வீடு மாறியது, மச்சானுக்குக் கால் பிசகியது எல்லாம் அடக்கம். அதெல்லாம் தெரிய வந்த அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். என் காதுக்கு வர வேண்டியது என் காதுக்கு வரட்டும்.

கடைக்காரர் முதலில் கொடுத்தது பாதி உள்ளே போய் நின்றது. அடுத்ததற்குக் கழுத்து வரைக்கும் வெளியே. மூன்றாவது முழுசாகப் போனது. கடைக்காரர் முகம் மலர்ந்தார். அவள் சட்டென்று, தள்ளுவண்டியின் அடியிலிருந்து விரிப்பை அள்ளுகிற மாதிரி, தரையைத் தொடக் குனிந்தாள். போன் வழுக்கி விழுந்தது. கடைக்காரர் மேஜைமேல் பாய்ந்து கைகளை ஏந்திப் பிடித்தார்.

“அக்கா! சொல்லிட்டுக் குனியக் கூடாதா?”

“விரிப்பு சொல்லிட்டா வரும்?”

அதற்குப் பிறகு அவள் குனியும்போதெல்லாம் அவர் அங்கேயே கையேந்தி நின்றார். கவர் வாங்க வந்த ஒரு பெரியவர், “இடது பக்கமும் சாஞ்சு பாரும்மா,” என்று யோசனை சொன்னார். கடைசியில் உள்ளறையிலிருந்து தூசி தட்டிக் கொண்டுவந்த ஒரு சின்னப் பெட்டி. உள்ளே அவள் உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு போன். பைக்குள் போட்டாள். காணாமல் போனது. குனிந்தாள், நிமிர்ந்தாள், இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அது அசையவில்லை. பெரியவர் கை தட்டினார்.

வெளியே வந்ததும் புருஷன் வாயைத் திறந்தான். “இதே காசுக்கு எவ்ளோ பெருசு தர்றான். நீ போயும் போயும் தீப்பெட்டிய வாங்கிட்டு வர்ற.”

அதோடு சரி. வீடு வரைக்கும் நாலடி முன்னால் நடந்தான். சாப்பிடும்போதும் பேச்சில்லை. அவன் பேசாமலிருப்பதில் பல தினுசு உண்டு. களைப்பில் ஒன்று, பசியில் ஒன்று. இது ‘என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டல்ல’ என்கிற தினுசு. வழக்கமாக இதற்கு அவள் இறங்கிப் போவாள். அன்றைக்கு இறங்கத் தோன்றவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோலுரிந்த கட்டை விரல், கையை மாற்றாமலேயே அந்தத் திரையின் நாலு மூலைக்கும் போய் வந்தது. போய் வந்ததையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். ஆனாலும் அவன் ஒரு வார்த்தை, நல்லாயிருக்கு என்று வேண்டாம், ம் என்றாவது சொல்லியிருந்தால் இந்தச் சந்தோஷம் முழுசாகியிருக்கும்.

காலையில் அவன் போனை எடுத்துத் தன் எண்ணைப் பதிந்து கொடுத்தாள்.

“உனக்கு நான் எதுக்குப் போன் பண்ணப் போறேன்?”

“பண்ணாட்டிப் போங்க.”

லாண்டரிக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், மகனே வேலைக்குப் போய்விட்ட பிறகும், புருஷனும் அவளும் போனில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பகலில் அவளிடம் போன் கிடையாது, சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே அறையில்.

மத்தியானத்துக்கு முன்னால், நெட்டையும் அவளும் ஒரு பெரிய விரிப்பை இழுத்துப் பிடித்து நின்றபோது நெஞ்சுப் பை உறுமியது. நெட்டை அவளோடு ஜோடியாக மடிக்கிறவள், ஆள் கம்பம் மாதிரி இருப்பாள்.

“ஐயோ, அடிக்குதுடி! எடு, எடு!”

“கைய விட்டா தரையில விழும். திரும்பத் தொவைக்கணும்.”

நெட்டை நாலே எட்டில் ஓடி வந்து தன் இரண்டு முனைகளையும் அவள் கையில் திணித்தாள். பையிலிருந்து போனை உருவி, ஸ்பீக்கரைப் போட்டு, மறுபடி பைக்குள்ளேயே போட்டாள்.

“யாரு?” என்றாள் அவள், தன் நெஞ்சைக் குனிந்து பார்த்து.

“நான்தான்.”

வரிசையில் இருந்த எல்லாக் கைகளும் நின்றன. வீட்டில் கேட்கும் குரல் இல்லை அது, கொஞ்சம் கூச்சம் கலந்திருந்தது.

“என்னங்க? என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. சும்மா. சாப்பிட்டியா?”

அவன் அவளிடம் இதைக் கேட்டதே கிடையாது. கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை, சோறு போடுகிறவளே அவள்தான். நெட்டை விரிப்பைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“இன்னும் இல்ல. நீங்க?”

“இல்ல. ம்… வெக்கட்டா?”

“வெய்ங்க.”

“சரி, வெக்கிறேன்.”

வைக்கவில்லை. மூட்டையும் கொக்கியும் பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரல் அது, தொடுதிரை ஒரே தடவையில் அதற்கு மசியாது. அழுத்திவிட்டதாக நினைத்துச் சட்டைப் பையில் போட்டிருப்பான். துணி உரசியது. பிறகு, அவள் ஒருநாளும் போயிராத அந்தக் கிடங்கு அவள் நெஞ்சிலிருந்து கேட்டது. வண்டி பின்னால் வரும் சத்தம், மூட்டை தொப்பென்று விழும் சத்தம், யாரோ கத்தியது.

“பாட்டுக்காரரே! லோடு வந்தாச்சு, எடுத்து விடுங்க! வீட்டுக்காரம்மாகிட்ட கொஞ்சினது போதும்!”

“யாருடி பாட்டுக்காரர்?” என்றாள் நெட்டை.

அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது நான்கு முனைகளும் கையில் அப்படியே நின்றன. அவன்தான் பாடினான். வீட்டில் ஒரு முணுமுணுப்புக்கூட வராத தொண்டையிலிருந்து, கிடங்கின் தகரக்கூரை அதிர:

“எம்பொண்டாட்டி வாங்கினா தீப்பெட்டி…”

“ஐலேசா!” என்று பல குரல்கள்.

“உலகத்த மடிச்சா உள்ளே கட்டி…”

“ஐலேசா!”

“யாரையும் கேக்கல கெட்டிக்காரி…”

“ஐலேசா!”

லாண்டரியே வெடித்துச் சிரித்தது. அவள் முகம் உருளையிலிருந்து வந்த விரிப்பு மாதிரி சுட்டது. சத்தம் கேட்டுச் சூப்பர்வைசரம்மா வேகமாக வந்தாள்.

“எங்கே போன்? யார் கையில?”

“கையில இல்லம்மா.” நாலு முனையையும் தூக்கிக் காட்டினாள் அவள். “பைக்குள்ளதான் இருக்கு. தலை நீட்டலையே.”

சூப்பர்வைசரம்மா பையைப் பார்த்தாள். வெறும் நீலத் துணிதான் தெரிந்தது. அதற்குள் ஒரு லோடே இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வந்தவள், அடுத்த வரி என்னவென்று கேட்க நின்றுவிட்டாள்.

நெட்டை அடுத்த விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். பாட்டு எழும்பும்போது விரிப்பு இருவருக்கும் நடுவில் வெள்ளையாக உப்பிக் காற்றைக் குடித்தது. ‘ஐலேசா’ என்றபோது இருவரும் ஒரே நேரத்தில் ஓரெட்டு முன்னால் வைத்தார்கள். பக்கத்து ஜோடியும் வைத்தது. அதற்கடுத்த ஜோடியும்.