பக்கத்து இலை

எங்கள் கேஸை நடத்தியவர் வக்கீல் புருஷோத்தமன். நல்ல மனிதர்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் கையில் இருக்கும் டீ ஆறிப்போகும். முதல் நாளே என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"டிரஸ்டின்னா சொந்தக்காரன் இல்லம்மா. சாவி மட்டுந்தான் அவன் கையில. வீடு, சாப்பிட வர்றவங்களோடது."

எனக்குத் தெரியாதா? எழுதிவைத்தவரே என் அப்பா.

அப்பா பேர் பாவாடை, மில் தொழிலாளி. அம்மா போன பிறகு வைத்திக்குப்பத்து வீட்டை டிரஸ்டாக எழுதிப் பதிவு செய்தார். மாசி மகத்தன்று ஊர் ஊராகச் சாமியைத் தூக்கிக்கொண்டு, கடலில் நீராட்டும் தீர்த்தவாரிக்கு வரும் ஜனங்களுக்கு அங்கே சாப்பாடு போட வேண்டும். அண்ணன் அன்பழகனும் நானும் டிரஸ்டிகள். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை டிரஸ்டிகள் வாயில் ஒரு பருக்கை படக் கூடாது. அப்புறம் கடைசிப் பந்தியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டும். பத்திரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இதையெல்லாமா எழுதுவார்கள் என்று பத்திரம் எழுதியவர் சிரித்தாராம். அப்பா விடவில்லை. சின்ன வயதில் நாங்கள் முடியைப் பிடித்து அடித்துக்கொண்டதைப் பார்த்தவர் அவர்.

அந்தக் கடைசிப் பந்திக்குச் சோறு ஆறியிருக்கும், பாயசம் தீர்ந்திருக்கும். சாம்பாரில் அடிமண்டிதான். கடற்கரையிலிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். காலையிலிருந்து வந்துபோனவர்களைப் போலவே அண்ணன் பேசிக்காட்டுவான், எனக்குப் புரையேறும். அவன்தான் தலையில் தட்டுவான். வருஷத்தில் வேறு எந்தச் சாப்பாடும் எனக்கு அப்படி இறங்கியதில்லை.

அப்பா காலமானார். மில்லும் மூடிவிட்டது. அண்ணன் வீட்டில் அடுப்பெரிய வழியில்லை, அது எனக்கும் தெரியும். அதற்காக டிரஸ்ட் வீட்டு முன்கூடத்தை ஒரு பிராந்திக் கடைக்காரருக்கு குடோனாக விடுவதா? நேரே போய்க் கேட்டேன்.

"வருஷத்துல ஒரு நாளு சோறு போடற வீடு. மத்த நாளு சும்மாதான கெடக்குது?" என்றான்.

"அப்பா எழுதி வெச்ச வீட்ல பாட்டிலா அடுக்குவ?"

"முடிஞ்சா கோர்ட்டுக்குப் போ."

என்னிடம் போய் இப்படிச் சொல்லலாமா? போனேன்.

பொது தர்மத்துக்கான டிரஸ்ட் என்றால் ஒருத்தி மட்டும் கேஸ் போட முடியாதாம். அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட்டில் அனுமதி வாங்கித்தான் போட வேண்டுமாம். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் அக்காவைச் சேர்த்துக்கொண்டேன். அக்காவுக்குக் கேஸைவிட கோர்ட் வாசல் போண்டாவில்தான் அக்கறை அதிகம்.

"அண்ணனை நீக்கணும்னு எழுதாதீங்க சார்," என்றேன். "பொட்டிங்கள எடுத்தா போதும். கொஞ்சம் பயந்துச்சுன்னா தானா வழிக்கு வந்துடும்."

"கேக்கறதைப் பெருசா கேட்டு வைப்போம்மா. கோர்ட்டு பாத்துக் குடுக்கறதைக் குடுக்கட்டும்."

வாய்தா வாய்தாவாக 2003இலிருந்து 2007வரை ஓடியது. அண்ணன் பெஞ்சின் அந்தக் கோடியில் உட்காருவான், நான் இந்தக் கோடியில். அவன் சட்டையில் பொத்தான் இருக்காது. தாடி நரைத்துக்கொண்டே வந்தது. சாப்பிட்டியாண்ணே என்று கேட்க நாக்கு துடிக்கும். எதிராளியோடு பேசக் கூடாது என்று வக்கீல் கண்ணைக் காட்டுவார். அந்த வருஷங்களில் மாசி மகத்துக்கு அவன் வரவில்லை. அவனுக்கும் சேர்த்து இலை போட்டுவைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்று பேர்தான்.

கடைசியில் கோர்ட் நாங்கள் கேட்ட அத்தனையையும் கொடுத்தது. பெட்டிகளை எடுக்க வேண்டும். அன்பழகனை டிரஸ்டி பொறுப்பிலிருந்து நீக்கியாயிற்று. அவன் இடத்தில் கன்னியம்மாள் அக்கா. வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

"அப்ப அண்ணன் எலை?" என்றேன்.

"அது இப்ப இந்தம்மாவோடது," என்று அக்காவைக் காட்டினார்.

"அண்ணனை எம் பக்கத்துல உக்காரச் சொல்லி ஒரு ஆர்டர் வாங்க முடியாதா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீக்கினவரை எப்படிம்மா உக்கார வெக்கறது?"

இப்போதும் சொல்வேன், நான் போட்டது நியாயமான கேஸ்தான். பாட்டில் பெட்டிகள் போய்விட்டன, கூடத்தை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினேன். ஆனால் ஜெயித்த நாளிலிருந்து எனக்கு அண்ணனைப் பார்க்க ஒரு வாய்தாகூட இல்லாமல் போயிற்று.

அடுத்த மாசி மகத்தில் மூன்றாவது பந்திக்குச் சோறு வைத்துக்கொண்டே வந்தேன். குனிந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது அண்ணன். மாமியார் ஊர்ச் சாமியோடு வந்திருக்கிறான். சாமி தூக்கிய தோள் கன்றிச் சிவந்திருந்தது. கரண்டி கரண்டியாக அவன் இலையில் சோற்றை வைத்தேன்.

"போதும்மா," என்றான், யாரோ ஒரு பெண்பிள்ளையிடம் சொல்வதுபோல.

"கடைசிப் பந்திக்கு இருண்ணே."

"அது டிரஸ்டிங்க பந்தி. நான் சாப்பிட வந்தவன். சாப்பிட்டுட்டுப் போறேன்."

சட்டப்படி அவன் சொன்னது சரி. கோர்ட் நீக்கியது டிரஸ்டியைத்தான். பசித்து வருகிறவனை யாராலும் நீக்க முடியாது. வீடே அவனுடையதுதான், சாப்பிட்டு எழுந்திருக்கிறவரைக்கும்.

சோற்றுக் கூடையைக் கன்னியம்மாள் அக்கா கையில் கொடுத்தேன். அண்ணனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெரியவரைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு இலையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏய் பாக்கியம், இன்னா பண்ற? ஜனங்க வெளிய நிக்குது. நீ இப்ப சாப்பிடக் கூடாது," என்றான் அண்ணன்.

"தெரியும்."

"உன்னையும் நீக்கிடுவாங்க."

"நீக்கட்டும். அக்கா, சோத்தை வை."

அக்கா வாயைப் பிளந்தபடி வைத்தார்.

அண்ணன் மளமளவென்று சாப்பிட்டு இலையை வழித்துவிட்டான். ஆனால் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பந்தியிலிருந்து எழுந்திருப்பது மரியாதை இல்லை. கோர்ட்டில் என்னை எதிர்த்து நின்றவனுக்கும் அதை மீற மனம் வரவில்லை. கை காயக் காய அப்படியே உட்கார்ந்திருந்தான். அடுத்த பந்திக்கு நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். "சீக்கிரம் ஆகட்டும்" என்று யாரோ கத்தினார்கள். நான் ஒவ்வொரு பருக்கையாக எடுத்துச் சாப்பிட்டேன்.