நாய்க்கு வைத்த சட்டி

தியாகதுருகம் போகிற சாலையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. தானாக விழவில்லை, கண்ணுங்களா. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. வெட்டிச் சாய்த்ததை இன்னும் யாரும் இழுத்துப் போடவில்லை. பஸ் இல்லாமல் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்த இரண்டு பெண்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

செவ்வந்தி காலனிப் பெண். அப்பா அம்மா கூலி வேலை. அம்சவள்ளி ஊருக்குள் நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளை. மறியலுக்குப் போன அவள் சித்தப்பாவைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு.

பாடத்தில் இருந்த ஒரு சிறுகதையைத் திறனாய்வு செய்து கட்டுரை எழுத வேண்டும். செவ்வந்தி எழுதியதைத் தமிழ் டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கதைய எனக்கே திருப்பிச் சொல்றியேம்மா! நீ இன்னா கண்டே, அது எந்த வரியில இருக்குது, அத்த எழுது" என்றார். நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

"கண்டுட்டேன், எழுதத்தான் பயமா இருக்குது" என்றாள் செவ்வந்தி.

"கதையில, கரும்பு வெட்டுற ஆளுக்கு அந்த வீட்டம்மா தண்ணி குடுக்குறாங்க. நல்ல மனசு. அதான கதை? இதுல இன்னாடி பயம்?"

"நாய்க்குச் சட்டியில வெக்கிறாங்க. அந்தாளுக்குக் கையில ஊத்துறாங்க."

அம்சவள்ளியின் முகம் சுருங்கியது. "எங்கம்மாவும் அப்டித்தான் ஊத்துது. அதுக்காவ எங்கம்மா கெட்டதா?"

அம்சவள்ளி வீட்டுத் தோட்டத்தில் கையேந்திக் குடித்தவள்தான் செவ்வந்தியும். எழுதினால் இந்தச் சிநேகிதம் போய்விடும். எழுதாவிட்டால் கட்டுரையில் ஒன்றுமே இல்லை.

"கெட்டதுன்னு சொல்லல. தாகத்துக்குக் குடுத்தாங்க. நானும் குடிச்சேன்."

அம்சவள்ளி வெடுக்கென்று புத்தகத்தைப் பிடுங்கினாள். போய்விடப் போகிறாள் என்றுதான் செவ்வந்தி நினைத்தாள். அவளோ முதலிலிருந்து படித்தாள். நாய் வரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, மறுபடி மேலே போய்ப் படித்தாள்.

"இங்க பாரு" என்றாள் கடைசியில். "வெயில்ல நிக்காத, நெழலுக்கு வான்னு கூப்புடுறாங்களே, அத்த வுட்டுட்டியே! மொதல்ல இத்த எழுது. அப்பறம் சட்டியப் பத்திக் கேளு. ஒருத்தரும் உன்ன மடக்க முடியாது."

"உனக்குக் கோவம் இல்லயா?"

"இருக்குது. ஜாஸ்தியாவுறதுக்குள்ள எழுதுடி!"

புளியங்கிளையில் நோட்டை வைத்து எழுத உட்கார்ந்தாள் செவ்வந்தி. 'இந்த அம்மாளுக்கு இரக்கம் உண்டு. அந்த இரக்கம் ஒரு பாத்திரம் வரைக்கும் போகவில்லை' என்று தொடங்கினாள். நிழலுக்குக் கூப்பிட்ட வரியைக் காட்டினாள், பிறகு சட்டி வரும் வரியை. நடுவில், 'அப்படியானால் இவர் கெட்டவரா என்று ஒரு வாசகி கேட்கலாம்' என்று எழுதி, அந்தக் கேள்விக்குத் தன்னால் முடிந்த அளவு பதில் சொன்னாள்.

மறுநாள் டீச்சர் கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டுரைக்கு உசுரே அந்தக் கேள்விதான். யாரும்மா அந்த வாசகி?"

ஊர்ப் பிள்ளைகள் இத்தனை பேர் நடுவில் அம்சவள்ளியை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று செவ்வந்தி குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. அம்சவள்ளி எழுந்து நின்றிருந்தாள்.

"நான்தான் டீச்சர்."

பின்னால் யாரோ "ஏய், இன்னாடி இது!" என்றார்கள். அவள் திரும்பவில்லை. செவ்வந்தி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மணி அடிக்கும்வரை அந்தக் கையை விடவில்லை.