வேப்பமரத்தைக் குளிப்பாட்டிய காலை

என் வீட்டுக்காரர் தீர்த்தகிரிக்குப் பயம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. பாரஸ்ட் ரேஞ்சர் வருகிற அன்று காலையில் பார்க்கிறேன், மனுசன் ஏணியைச் சாத்தி வைத்து மேலே ஏறி நின்று, தேங்காய் நாரால் வேப்பமரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கீழே ரெண்டு குடம் தண்ணீர். பொங்கலுக்கு மாட்டைத் தேய்க்கும்போதுகூட அப்படித் தேய்த்ததில்லை.

"என்னாங்க இது கூத்து? ஊருல பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"பழைய சேறு இன்னும் ஒட்டிக் கெடக்குது புள்ள. இம்மாம் உசரத்துல சேறு இருந்தா அது எது ஒரசுன சேறுன்னு ரேஞ்சருக்குத் தெரியாதா? சும்மா பேசிட்டு நிக்காத, இன்னொரு குடம் கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன், ஆனாலும் கொடுத்தேன். எனக்கும் அந்த ரேஞ்சர் கையெழுத்து வேண்டியிருந்தது.

எங்கள் நிலம் மாரண்டஹள்ளிக்கு மேலே, மலை இறங்குகிற இடத்தில், காட்டை ஒட்டி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழுவுக்கென்று தனி ஷெட்டு கிடையாது, வீட்டுக்குள்ளேதான். நடுக்கூடம், உள்அறை எல்லாம் புழுத் தட்டு. நாங்கள் ரெண்டு பேரும் முன்னால் தகரம் போட்ட இடத்தில் படுத்துக்கொள்வோம். புழுவுக்குப் புகை ஆகாது, வாசனை ஆகாது. கொசுவர்த்தி கொளுத்த முடியாது, வெள்ளிக்கிழமை ஒரு ஊதுபத்தி ஏற்ற முடியாது. ஒரு தடவை சம்பந்தி வீட்டு ஆள் ஒருத்தர் தெரியாமல் உள்ளே நின்று பீடி பிடித்ததில் பாதிப் புழு சுருண்டு போனது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அந்த மனுசர் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இத்தனை வருசம் அப்படியே ஓட்டியாகிவிட்டது. இப்போது முடியாது. ஓசூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் பிரியதர்ஷினிக்குத் தை மாதம் பிரசவம். தலைப்பிள்ளை. தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும், அவளுக்கும் அதுதான் ஆசை. ஆனால் பச்சைப்பிள்ளையைத் தினம் குளிக்க வைத்துச் சாம்பிராணி போட வேண்டாமா? பிள்ளைக்குப் புகை போட்டால் புழு சாகும், புழுவுக்காகப் புகை போடாமல் விட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். வளைகாப்பு அன்றைக்கே சம்பந்தியம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்:

"உங்க வூட்டுல புழு படுக்கவே எடம் பத்தலியே, எங்க மருமவளை எங்க படுக்க வெப்பீங்க?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அதுக்குள்ள ஷெட்டு போட்டுருவோம்ங்க"ன்னு வாயை விட்டுவிட்டேன்.

வாயை விடுவது சுலபம். எங்கள் நிலத்தில் நாங்கள் ஷெட்டு போட பட்டு ஆபீஸ், பஞ்சாயத்து, பாலக்கோட்டில் சர்வேயர் என்று எல்லா இடமும் ஏறி இறங்க வேண்டும். எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தைக் கை காட்டினார்கள். காட்டை ஒட்டின நிலம், பாரஸ்ட்டில் தடையில்லை என்று எழுதி வாங்கி வா. பாரஸ்ட்டில் கேட்டால், ரேஞ்சர் நேரில் வந்து பார்ப்பார், அது யானை போகிற வழியில்லை என்று அவருக்குத் திருப்தியானால்தான் கையெழுத்து.

அங்கேதான் எங்களுக்குச் சிக்கல்.

எங்கள் நிலத்தில் தெற்கு ஓரமாக ஒரு பட்டை நிலம் வெறுமனே கிடக்கிறது. காட்டு வேலியில் ஆரம்பித்து வேப்பமரத்தை ஒட்டிக் கீழே ஏரிக்கரை வரைக்கும். ஒரு லாரி போகிற அகலம். அதில் நாங்கள் எதுவும் போடுவதில்லை, வேலிக்கம்பிகூட அந்த இடத்தில் கட்டுவதில்லை. கல்யாணமான புதிதில் அதிலும் மக்காச்சோளம் போட்டோம். ராகி முற்றுகிற பருவத்தில் மலை இறங்கி வந்த யானை, வழி அடைத்திருக்கவும், சுற்றிக்கொண்டு எங்கள் மாட்டுக்கொட்டாய்ச் சுவரைத் தள்ளிவிட்டுப் போனது. ஒரு கன்றுக்குட்டி போயிற்று. அதற்கப்புறம் அந்தப் பட்டையை அதுக்கே விட்டுவிட்டோம். இந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு வழி விட்டு வைத்திருக்கிறார்கள். அதுவும் அதன் வழியே இறங்கி ஏரியில் தண்ணீர் குடித்துவிட்டு, போகும்போது வேப்பமரத்தில் முதுகைச் சொறிந்துகொண்டு போய்விடும்.

அந்த இடத்தில்தான் ஷெட்டு என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார்.

"அறிவு இருக்குதா உங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

"போன வருசம் வந்துச்சா? வரலியே. மேல எங்கியோ கரண்டு வேலி போட்டுட்டாங்க, அது பாதையை மாத்திக்கிச்சு. வேற எங்க போடச் சொல்ற? வூட்டுக்குப் பக்கத்துல கெணத்து மல்பெரியை வெட்டிட்டுப் போடவா? தழையை வெட்டிட்டு ஷெட்டு கட்டுனா ஷெட்டுக்குள்ள எதைப் போட்டு வளக்கறது, உன்னையும் என்னையுமா?"

போன வருசம் வரவில்லை என்பது நிசந்தான். அந்த நிசத்தைப் பிடித்துக்கொண்டு நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். அவர் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார். வாசல் இங்கே, தட்டு வரிசை இங்கே, ராத்திரி தழை போட எழுந்திருக்க வேண்டுமே, அதற்கு என் கட்டில் இங்கே என்று ஒரு கல்லைக்கூட வைத்துக் காட்டினார். கட்டிலுக்கு எதிரே ஜன்னல் வேண்டும் என்று நான் கேட்டேன். எல்லாம் பேசினோம். யானையைப் பற்றி மட்டும் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

எங்களுக்கு இன்னொரு பயம் குரு. எங்கள் ஊர்க்காரன், எனக்குத் தம்பி முறை, பாரஸ்ட்டில் வாட்சராக இருக்கிறான். யானை வந்தால் தகர டின்னைத் தட்டிக்கொண்டு எங்களோடு நின்றவன் அவன். ரேஞ்சரோடு அவனும் வருவான். முந்தின நாளே என் வீட்டுக்காரர் அவனைப் போய்ப் பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய் வந்தார்.

"என்ன சொன்னான்?"

"நானா ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாமா, ஆனா அவரு என்னைக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்றான். பெரிய அரிச்சந்திரன்!"

ஜீப் வந்து நின்றது. ரேஞ்சர் பிரபாகர் சின்ன வயசுக்காரர். அதட்டுகிற ஆளாக இருந்தாலாவது நானும் ரெண்டு பேச்சுப் பேசியிருப்பேன். இவர் "நல்லா இருக்கீங்களாம்மா"ன்னு கேட்டுவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைக்காமல் என் கையில் கொடுத்தார். குரு பின்னாலேயே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரேஞ்சர் கயிறு கட்டின இடத்தைச் சுற்றி நடந்தார். நாங்களும் பின்னாலேயே நடந்தோம்.

"மத்த எடமெல்லாம் மல்பெரி இருக்கு. இங்க மட்டும் ஏன் ஒண்ணும் போடல?"

"ஷெட்டு போடணும்னு விட்டு வெச்சதுங்க சார்," என்றார் இவர்.

"இதுல வேலி?"

"கம்பி பத்தலைங்க சார்."

"ஆனை வருமா?"

"இந்தப் பக்கமா? எனக்குத் தெரிஞ்சு வந்ததே இல்லைங்க சார். அதெல்லாம் அங்க, அந்தாண்ட." கையை எங்கேயோ நீட்டினார். அந்தாண்ட என்று அவர் காட்டினது ஏரி.

குரு கீழே குனிந்து ஒரு முள்ளை எடுத்துத் தூரப் போட்டான். அவனை ரேஞ்சர் கேட்கப்போகிறார், இப்போது கேட்கப்போகிறார் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தேய்த்த இடம் வரைக்கும் மரம் ஒரு நிறம், அதற்கு மேலே வேறு நிறம்.

"மரம் ஏன் ஈரமா இருக்கு?"

என் வீட்டுக்காரர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாமி மரம்ங்க சார்," என்றார் கடைசியில். "இன்னிக்கு நல்ல நாளு. அபிசேகம் பண்ணோம்."

அட பாவி மனுசா என்று எனக்குள்ளே கத்தினேன். இதை எவனாவது நம்புவானா? அந்தப் பையன் நம்பினார். "அப்படியா, முதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னு சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு காலைத் தூக்கி ஷூவைக் கழற்றினார். அடுத்த காலையும் கழற்றினார். சாக்ஸையும் உருவி உள்ளே திணித்தார். நெருஞ்சி முள் கிடக்கிற மண்ணில் வெறுங்காலோடு நின்று மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில், தப்பித்தோமடா சாமி என்றும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள் சந்தோசம்தான்.

"சரிங்க, கையெழுத்து போட்டுடறேன். மரத்துக்கு மட்டும் ஒண்ணும் பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டு ரேஞ்சர் குருவிடம் பேனா கேட்டார். என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் என் இடுப்பில் போன் அடித்தது. பிரியா. அந்தப் பக்கமாகத் தள்ளிப்போய் எடுத்தேன். தள்ளிப்போன இடம் கட்டிலுக்கென்று வைத்த கல்லு பக்கம்.

"ஆச்சாம்மா? போட்டுட்டாரா?"

"போடப்போறாரு. நீ மூச்சைப் புடிச்சிட்டு இருக்காத, போய்ப் படு."

"அம்மா, ஒண்ணு சொல்றேன் கேளு. பொறந்து கொஞ்ச நாள் ஆனதும் நானும் கொழந்தையும் ராத்திரிக்கு உன்கூட ஷெட்டுலயே படுத்துக்கறோம். நீ தழை போட எந்திரிக்கறப்ப தனியா பயந்துட்டு கெடக்க வேண்டாம். தொட்டிலை உன் கட்டிலுக்கு மேலயே கட்டிரு."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. காலடியில் அந்தக் கல்லு. இந்தப் பக்கம் பார்த்தால் காட்டு வேலி திறந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் பார்த்தால் ஏரி பளபளக்கிறது. நடுவில் நான் நிற்கிறேன். அன்றைக்குச் சுவர் விழுந்த சத்தமும், அந்தக் கன்றுக்குட்டி கத்தின சத்தமும் காதில் கேட்டது. தொட்டில் எங்கே தொங்கும் என்று மேலே பார்த்தேன். வெறும் வானம்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டு ஓடினேன். பேனா காகிதத்துக்கு வந்திருந்தது.

"சார், போடாதீங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாகிறவரைக்கும் மறக்காது.

"வரும்ங்க சார். போன வருசம் வரல, அதுக்கு முன்னாடி வருசா வருசம் வந்துச்சு. இதுதான் அது வழி. அதுக்குத்தான் இதுல ஒண்ணும் போடாம வெச்சிருக்கோம். இந்த எடத்துல ஷெட்டு போட்டா அதுல படுக்கப்போறது நானும் என் மவளும், பொறக்கப்போற கொழந்தையும். எங்களுக்கு வேண்டாம்ங்க."

ரேஞ்சர் பேனாவை மூடினார். குருவைத் திரும்பிப் பார்த்தார், அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"அப்போ இது சாமி மரம் இல்லையாம்மா?"

"காலையிலதாங்க சார் சாமியாச்சு. அதுவரைக்கும் ஆனை முதுகு சொறியற மரம்."

குரு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். ரேஞ்சருக்கும் சிரிப்பு வந்தது போல இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. உட்கார்ந்து காலில் தைத்த நெருஞ்சியைப் பிடுங்கிவிட்டு ஷூவை மாட்டினார்.

"வூட்டுக்குப் பக்கத்துல கெணத்து மல்பெரியை எடுத்துட்டு அங்க போடறோம் சார். அங்க குடுப்பீங்களா?"

"அங்க குடுக்கலாம். ஆனா அது வேற சர்வே நம்பர்ம்மா. முதல்ல இருந்து எழுதிக் குடுக்கணும். வெயில் காலம் ஆயிடும்."

தைக்கு எட்டாது. அது எனக்குத் தெரிந்துதான் கேட்டேன்.

ஜீப் போனதும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். சோறு போட்டால் சாப்பிட்டார், தழை வெட்டினார், தட்டில் போட்டார். புது மனுவை மட்டும் எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அந்த முளைக்குச்சியையும் கயிற்றையும் பிடுங்கவே இல்லை. எனக்குத் தெரியட்டும் என்றுதான் வைத்திருந்தார். தினம் அதைத் தாண்டித்தான் நான் தண்ணீருக்குப் போக வேண்டும்.

பிரியாவிடம் சொன்னேன். "பரவால்லம்மா"ன்னாள். அப்புறம் அழுதாள். இங்கே வந்தால் மூணு மாசமாவது இருப்பாள். மூணு மாசம் புழு வளர்க்காமல் விட்டால் எங்களுக்கு அடுப்பு எரியாது. அது அவளுக்கும் தெரியும். ஓசூரிலேயே பிரசவம் என்று முடிவாயிற்று. சம்பந்தியம்மா போனில் "அதுக்கென்னங்க, நாங்க பாத்துக்கறோம்"ன்னு அவ்வளவு அன்பாகப் பேசினாள். அந்த அன்பைக் கேட்டுவிட்டு அன்றைக்கெல்லாம் நான் சாப்பிடவில்லை. ஒருவேளை யானை உண்மையிலேயே பாதையை மாற்றிக்கொண்டிருந்தால்? நான்தான் அவசரப்பட்டு என் பிள்ளையின் பிரசவத்தைக் கெடுத்துவிட்டேனா? அப்படியே நினைத்து நினைத்து மாய்ந்து போனேன்.

மார்கழியில் ஒரு நாள் விடிந்ததும் அவர் தெற்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். ரேஞ்சர் வந்த ஐப்பசியில் பேச்சை நிறுத்தினவர், அன்றைக்குத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"காசியம்மா, இங்க வா."

போனேன். வேலியில் இருந்து ஏரி வரைக்கும் ஈர மண்ணில் தடம். ஒன்றல்ல, பெருசும் சிறுசுமாய். முளைக்குச்சி எல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. கயிற்றைக் காணோம். மல்பெரியில் ஒரு குச்சி ஒடியவில்லை. வேப்பமரத்தில், அவர் ஏணி வைத்துத் தேய்த்த அதே உசரத்தில், புதுச் சேறு அப்பியிருந்தது.

அவர் கட்டிலுக்கு வைத்த கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். கல்லு அங்கேதான் இருந்தது, தடத்துக்கு நடுவில் பாதி புதைந்து. பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கையால் அந்தத் தடத்தை அளந்தார். ரெண்டு கையையும் விரித்து வைத்தும் எட்டவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்ப இருக்கற புழு கூடு கட்டி முடிஞ்சதும் தட்டெல்லாம் வெளிய எடுத்துரு. அடுத்த தடவைக்குப் புழு முட்டை சொல்ல வேண்டாம். வூட்டைக் கழுவி வுடலாம்."

"அப்புறம் சோத்துக்கு?"

"மாரண்டஹள்ளி மண்டியில தக்காளி லோடு ஏத்தப் போறேன். ஆளு கேட்டுட்டுதான் இருக்காங்க. புள்ளைக்குப் போன் போடு, கெளம்பி வரச் சொல்லு."

"இந்த வயசுல மூட்டை தூக்கப் போறீங்களா?"

"நீ வாயை மூடிட்டுப் போன் போடு," என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நாலு எட்டு வைத்ததும் நின்று திரும்பிப் பார்த்தார்.

"வர்றப்ப சாம்பிராணி வாங்கிட்டு வர்றேன்."