நாற்காலியை இழுத்துப் போடுகிறவர்

கடையை மூடுகிற அன்று பழைய சாமான்காரர் லாரியோடு காலையிலேயே வந்துவிட்டார். கோழி பொரிக்கும் எண்ணெய்த் தொட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு அழுகை வரவில்லை. விட்டது தொல்லை என்றுதான் இருந்தது. அவ்வளவு அலுத்துப் போயிருந்தேன்.

என் வீட்டுக்காரர் தே-சொக் மட்டும் ஓயவில்லை. தென் கொரியாவின் இந்த சாங்வொன் நகரத்தில் இயந்திர பாகம் செய்யும் கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் ஊரில் ரிடையர் ஆனவர்கள் எல்லாரும் செய்வதுபோல அவரும் கோழிக்கடை வைத்தார். ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. இப்போது வீட்டை அடமானம் வைத்துக் காபிக் கடை போடலாம் என்கிறார். வீடு என் பெயரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும்.

"இந்தக் கடை ஏன் படுத்துச்சு, அதைச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்" என்றேன்.

"கோழி விலை ஏறிடுச்சு. டெலிவரி ஆப்காரன் பாதியைப் பிடுங்கிக்கிறான். போதாததுக்கு எதிர்த்த கடைக்காரன்."

எதிர்த்த கடையும் கோழிக்கடைதான். அவனுக்கும் அதே கோழி, அதே ஆப். திறப்பு விழாவுக்கு ஆளுயரப் பூ அலங்காரம் அனுப்பிய இவருடைய ஆபீஸ் ஆட்கள் ஒரு மாதம் இங்கே வந்தார்கள். பிறகு எதிர்த்த கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் எல்லாருக்கும் செல்போனில் அவசர வேலை வந்துவிடும்.

மத்தியானம் அவர்களில் ஒருவன், கி-பொம், ஒரு பெட்டி பேரிக்காயோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். இவர் கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, உண்மையைச் சொல்லு. கோழி நல்லா இல்லையா?"

"கோழிக்கு என்ன அண்ணி, பிரமாதம்."

"பின்னே ஏன் வரலை?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சார் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடயே உட்கார்ந்துடுவார் அண்ணி. அவர் பீர் ஊத்தினா ரெண்டு கையாலயும் கிளாஸை ஏந்தணும். பெரியவர் முன்னாடிங்கிற மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டுக் குடிக்கணும். அவர் எந்திரிக்கிற வரைக்கும் நாங்க எந்திரிக்க முடியாது. பகல் பூரா ஆபீஸ்ல அதைத்தானே பண்றோம்? சாயங்காலம் காசு கொடுத்தும் அதையே பண்ணணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

இவர் ஒரு பீர் பாட்டிலோடு வெளியே வந்தார். கி-பொம் பதறி எழுந்தான்.

"உட்காருங்க" என்றார். இத்தனை வருஷமாக அவனை 'டேய்' என்று கூப்பிட்ட மனுஷன். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அவனுக்கு ஊற்றினார். ஒரு கை நாற்காலி முதுகு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. உட்காரவில்லை. அவன் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நேராவே குடிங்க. இங்க நான் கடைக்காரன்தான்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இதைக் கற்றுக்கொள்ள ஒரு கடை போயிருக்கிறது.

கி-பொம் போனதும் என்னிடம் வந்தார். முகத்தில் பழைய மேனேஜர் களை.

"பார்த்தியா, இப்பதான் தொழில் பிடிபட்டுச்சு. காபிக் கடையில இந்தத் தப்பு நடக்காது. கையெழுத்துப் போடும்மா."

வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"கத்துக்கிட்டீங்கன்னா சந்தோஷம். அதை வீட்டை வச்சுத்தான் காட்டணுமா? எதிர்த்த கடையில பரிமாற ஆள் வேணும்னு எழுதி ஒட்டியிருக்கான். அங்க போய்க் காட்டுங்க."

"அங்கயா? எங்க ஆபீஸ் பசங்க எல்லாம் அங்கதானே இருப்பாங்க."

"தெரியும்."

சொன்ன பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவர் கடையின் கண்ணாடிக் கதவு வழியாக எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாமான்காரர் கடைசி நாற்காலியையும் லாரியில் ஏற்றிவிட்டு வந்தார். "அந்த ஏப்ரனையும் கழட்டிக் கொடுங்க சார், சேர்த்து எடுத்துக்கிறேன்."

இவர் கை முதுகுப் பக்கத்து முடிச்சுக்குப் போயிற்று. எதிர்த்த கடையில் ஒட்டியிருந்த காகிதத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

"இல்ல" என்றார். "இது எனக்கு வேணும்."